தாதியரும் உளநெருக்கீடும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' என்பதன் இறுதிக் குறளிலே, மருத்துவம் நான்கு உறுப்புக்களை உடையது எனத் திருவள்ளுவர் வகுத்துரைத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு, நோயாளியின் பக்கத்திருந்து மருந்தை முறைப்படி உதவும் உழைச்செல்வானும் அங்கே ஓர் உறுப்பாக எண்ணப்படுகின்றான். அக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், உழைச்செல்வானுக்கு வேண்டிய இயல்புகளைக் கூறுமிடத்து, சொல்லியதைச் செய்து முடிக்கும் வன்மை, அறிவு, தூய்மை என்பவற்றோடு நோயாளியிடத்து அன்புடைமையையும் ஒன்றாக வைத்தார். அறிவும் கைத்திறனும் மட்டும் அமைந்தால் நோயாளியைப் பேணும் தொழில் நிறைவுறாது, அன்பும் உடனிருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

உழைச்செல்வான் நின்ற இடத்தில் இன்று நிற்போர் தாதியராவர். ஒரு நோயாளியிடம் ஒரு நாள் அன்பு காட்டுதல் எவர்க்கும் இயல்வது. நாள்தோறும் புதிய புதிய நோயாளரைக் கண்டு, அவருட் சிலர் தம் கண்முன்னே இறக்கவும் கண்டு, மறுநாளும் அதே விடுதிக்குத் திரும்பி அதே அன்போடு கடமையாற்றுதல் எங்ஙனம் இயலும்? அன்பு மிகுந்தால் துயரமும் மிகும். துயரத்தைத் தவிர்க்க அன்பைக் குறைத்தாற் பேணுதல் குறையும். தாதியரின் உளநெருக்கீடு பற்றிய ஆராய்ச்சி அனைத்தும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிக்கலையே சுற்றி வருகின்றது எனலாம்.

நெருக்கீடு என்பது யாது என முதற்கண் ஆராய்தல் பொருத்தமாகும். கனடாவின் மொன்றியல் நகரில் ஆய்வு நடத்திய ஹான்ஸ் செலியே என்னும் அறிஞர், குளிர், காயம், நஞ்சு முதலிய வெவ்வேறு தீங்குகளுக்கு ஆளான எலிகளின் உடலில் ஒரேவகையான மாற்றங்கள் தோன்றுதலை 1936ஆம் ஆண்டில் வெளியிட்டார். தீங்கை எதிர்ப்பட்ட உடல் முதலில் விழிப்புற்று எழுகின்றது. பின்னர் அதனை எதிர்த்து நிற்கின்றது. தீங்கு நீங்காது நீடிப்பின் ஈற்றில் தளர்ந்து வீழ்கின்றது. இம்மூன்று நிலைகளுள் இடைப்பட்டதே ஏமாற்றுவது. எதிர்த்து நிற்கும் நிலையிலுள்ள ஒருவர் பிறர் பார்வைக்கு நலமாகவே தோன்றுவார். அவர்தம் ஆற்றல் உள்ளே செலவாகிக்கொண்டிருத்தல் புறத்தே தெரிவதில்லை.

செலியேயின் ஆய்வு உடலைப் பற்றியது. மனிதனின் நெருக்கீட்டில் மனத்துக்குரிய பங்கினை றிச்சாட் லாசரஸ், சூசன் போக்மன் என்னும் இருவரும் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினர். ஒரு நிகழ்ச்சியை எதிர்ப்படும் மனம் இரு வினாக்களை எழுப்புகின்றது. 'இதனால் எனக்கு வரக்கூடியது யாது?' என்பது ஒன்று. 'இதனைச் சமாளிக்க என்னிடம் உள்ளது யாது?' என்பது மற்றையது. வரக்கூடியது பெரிதாகவும் கைவசமுள்ளது சிறிதாகவும் தோன்றும்போதே நெருக்கீடு பிறக்கின்றது. ஆகவே, ஒரே விடுதியில் ஒரே இரவிற் கடமையாற்றும் தாதியர் இருவருள் ஒருவர் கலங்க மற்றவர் கலங்காதிருத்தல் வியப்பன்று. சமாளிக்கும் வழிகளையும் அவர்கள் இருவகையாக வகுத்தனர். துன்பம் தரும் நிலைமையையே மாற்ற முயலுதல் ஒரு வகை; மாற்ற இயலாத நிலைமையில் தம் உணர்ச்சியை ஆற்றிக்கொள்ளுதல் மற்றொரு வகை. மருந்து தட்டுப்பட்டபோது மேலதிகாரிக்கு அறிவித்துப் பெற்றுக்கொள்ளுதல் முன்னையது. பிழைக்கமாட்டாத நோயாளியின் அருகிருந்த துயரைத் தோழியிடம் சொல்லி ஆறுதல் பின்னையது. இரண்டும் வேண்டப்படுவனவே. மாற்றக்கூடியதை மாற்ற முயலாது மனத்தை மட்டும் ஆற்றிக்கொள்ளுதலும், மாற்ற முடியாததோடு ஓயாது மல்லுக்கு நிற்றலும் ஒருங்கே கேடு தருவனவாம்.

துன்பத்தால் வளைந்தும் முறியாது மீண்டு நிமிரும் தன்மையை மீண்டெழும் ஆற்றல் என உளவியலார் வழங்குவர். இது சிலர் பிறக்கும்போதே பெற்றுவரும் இரும்பு நெஞ்சம் என்று கருதுவாருமுளர். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் 1955ஆம் ஆண்டிற் பிறந்த குழந்தைகளை எமி வேணர் அம்மையாரும் அவருடைய குழுவினரும் பல பதிற்றாண்டுகள் தொடர்ந்து நோக்கினர். வறுமையும் குடும்பக் குலைவும் போன்ற பல இடர்களுக்கிடையே வளர்ந்த பிள்ளைகளுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் நன்னிலை எய்தினர். அவர்தம் வாழ்க்கையில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, தம்மிடம் மாறாத பற்றுக்கொண்ட ஒருவரேனும் அருகிருந்தமையாகும். இயல்பான குணமும் உதவிற்று. ஆயினும் அக்குணம் தனித்து நிற்கவில்லை. மீண்டெழும் ஆற்றல் ஒருவரின் நெஞ்சினுள் மட்டுமன்றி, அவரைச் சூழ்ந்தாரிடத்தும் தங்கியுள்ளது என்பது இதனால் விளங்கும். பிள்ளைகளைப் பற்றிக் கண்ட இவ்வுண்மை தாதியர்க்கும் பொருந்துமா என்பதே அடுத்து எழும் வினா. அதற்கு விடை தரவல்லதோர் ஆய்வு இலண்டன் மாநகரிலே முன்னரே நடைபெற்றிருந்தது.

இலண்டனில் உள்ள பெரும் போதனா வைத்தியசாலை ஒன்று 1950களின் பிற்பகுதியில் ஓர் இடர்ப்பாட்டை எதிர்நோக்கியது. அங்கே தாதியர் எழுநூற்றுவர் அளவில் இருந்தனர். அவருட் பயிற்சி முற்றியோர் நூற்றைம்பதின்மர் அளவினரே. எஞ்சியோர் மாணவத் தாதியர். விடுதிகளின் அன்றாட வேலை பெரும்பாலும் மாணவியரின் கையினாலேயே நடந்தது. வேலைக்கு ஆள் வேண்டிய இடத்துக்கு மாணவியரை அனுப்பினாற் பயிற்சி கெடும்; பயிற்சிக்கு ஏற்ப அனுப்பினால் வேலை கெடும். இம்முரணைத் தீர்த்துத் தருமாறு வைத்தியசாலையார் தவிஸ்ரொக் மனித உறவு ஆய்வு நிலையத்தின் உதவியை நாடினர். அப்பணியில் ஈடுபட்ட உளப்பகுப்பாய்வு அறிஞராகிய இசபெல் மென்சிஸ் அம்மையார் தாம் கண்டவற்றைக் கட்டுரையாக எழுதினார். அது 1960ஆம் ஆண்டில் ஆராய்ச்சி இதழொன்றில் வெளிவந்தது. ஆள்களைப் பங்கிடும் கணக்கு ஒன்றைத் தேடித் தொடங்கிய ஆய்வு, தாதியரின் நெஞ்சில் நிறைந்திருந்த பதகளிப்பிற் சென்று முடிந்தது.

பதகளிப்பு என்பது காரணம் தெளிவாக அறியப்படாத அச்சக் கலக்கம். தாதியர்க்கு அது மிகுதல் இயல்பே. பிறர் காண விரும்பாத புண்ணையும் கழிவையும் அவர் கையால் தொடுகின்றனர். வேற்றாரின் உடலைத் துடைத்துக் குளிப்பாட்டுகின்றனர். நோயாளி அவரிடம் நன்றியும் காட்டுவர், சினமும் காட்டுவர். உற்றார் தம் ஆற்றாமையைத் தாதியின்மீது கடுஞ்சொல்லாக வீசுவதும் உண்டு. ஒரு சிறு பிழை உயிருக்கு உலையாகலாம் என்னும் நினைவு எப்பொழுதும் உடனிருக்கும். இவையனைத்தும் தொழிலோடு பிறந்தவை, முற்றாக நீக்கவொண்ணாதவை.

இந்தக் கலக்கத்திலிருந்து தாதியரைக் காக்கும் பொருட்டு அவ்வைத்தியசாலையின் ஒழுங்குமுறை, எவரும் கூடித் திட்டமிடாமலே, சில தற்காப்பு வழிகளைக் காலப்போக்கில் உருவாக்கியிருந்தது என்பது மென்சிஸ் அம்மையாரின் கண்டுபிடிப்பு. முதலாவது, வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்தல். ஒரு தாதி ஒரு நோயாளியை முழுமையாகப் பேணாது, முப்பது நோயாளர்க்கும் ஒரு சிறு பணியை மட்டும் செய்து செல்வாள். ஒருத்தி உடல்வெப்பம் அளப்பாள். மற்றொருத்தி கட்டில் விரிப்பாள். இதனால் எந்த நோயாளியோடும் நெருங்கிய பழக்கம் ஏற்படுவதில்லை. இரண்டாவது, ஆளை ஆளாகக் கருதாமை. நோயாளி தம் பெயரால் அன்றிக் கட்டிலின் எண்ணாலும் நோயுற்ற உறுப்பின் பெயராலும் சுட்டப்படுவார். தாதியரும் ஒரே சீருடைக்குள் ஒருவர்க்கொருவர் வேற்றுமையற்றவராகக் கொள்ளப்படுவர். மூன்றாவது, பற்றினை அறுத்தல். மாணவியர் ஒரு விடுதியிலிருந்து மற்றொன்றுக்கு அடிக்கடி மாற்றப்பட்டனர். நல்ல தாதி மாற்றத்தைப் பொருட்படுத்தாள் எனக் கற்பிக்கப்பட்டது. நான்காவது, முடிவெடுக்கும் பாரத்தை ஒழித்தல். எப்பணியும் வகுத்த சடங்குபோல இயற்றப்பட்டது. ஒருவர் செய்ததை மற்றொருவரும் அவர் சரிபார்த்ததை வேறொருவரும் பார்க்கும் வழக்கம் பெருகிற்று. சிறு முடிவும் மேலே மேலே அனுப்பப்பட்டது.

இவ்வொழுங்குகளுட் பல தனித்து நோக்குமிடத்துக் குற்றமற்றவை. மருந்தின் அளவை இருவர் சரிபார்த்தல் நன்றே. ஆனால் அவை அனைத்தும் சேர்ந்து விளைத்த பயன் எதிர்மாறாக இருந்தது. கலக்கம் தீர்க்கப்படவில்லை, கண்ணிற் படாது மறைக்கப்பட்டது. மறைக்கப்பட்ட துயரைத் தாங்கப் பழகும் வாய்ப்பும் மாணவிக்கு இல்லாது போயிற்று. அவள் அழுதால் ஆறுதல் கிடைப்பதில்லை. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்படி அறிவுரையே கிடைத்தது. மூத்த தாதியர் இரக்கமற்றவரல்லர். அவர் மாணவியரின் துயரை உணர்ந்திருந்தும் அதனைக் கையாளும் வழி கடிந்துரைத்தலே என நம்பினர். எல்லாவற்றிலும் மேலாக, தாதிக்குத் தொழிலினால் வரவேண்டிய மனநிறைவு தடுக்கப்பட்டது. ஒரு நோயாளி தன் பேணுதலால் தேறி வீடு செல்வதைக் காணும் மகிழ்ச்சியே இத்தொழிலின் பெரும்பேறு. முப்பது கட்டில்களுக்கு உடல்வெப்பம் அளந்தவளுக்கு அந்த மகிழ்ச்சியிற் பங்கு எங்கிருந்து வரும்?

பயிற்சிக்குச் சேர்ந்தோரில் மூன்றிலொரு பங்கினர் அளவில் அதனை முடிக்காது விலகினர். அவருட் பெரும்பாலார் தாமாகவே விலகியோர். வலியற்றோர் விலக வலியோர் நின்றனர் என எளிதாகச் சொல்லிவிடலாம். விலகியோருள் நல்ல மாணவியர் பலர் இருந்தனர் என்பது மென்சிஸ் அம்மையாரின் கருத்து. நோயாளியை முழுமையாகப் பேண விரும்பியவரே அவ்விருப்பம் நிறைவேறாத இடத்தில் மிகவும் வருந்தினர். தாதியைக் காக்க எழுந்த வேலி, அன்பு மிக்க தாதியை வெளியே தள்ளிற்று. இவ்வாய்வின் முடிவைப் பெற்ற வைத்தியசாலையிற் பெரிய மாற்றம் ஏதும் உடனே நிகழவில்லை. பழைய ஒழுங்கைக் கைவிடுதல் புதிய கலக்கத்தைத் தரும் என்பதனால் மாற்றத்தைத் தவிர்த்தலும் அத்தற்காப்பு வழிகளுள் ஒன்றாயிருந்தமை கவனிக்கத்தக்கது.

பின்வந்த ஆய்வுகள் இதனை வேறு வழிகளால் வலியுறுத்தின. பிறர்க்கு உதவும் தொழில் செய்வோரிடம் காணப்படும் ஒருவகைச் சோர்வினை ஹேபேட் புரொயிடன்பேகர் என்னும் உளவியலறிஞர் 1974இல் விவரித்தார். கிறிஸ்தீனா மஸ்லாக், சூசன் ஜாக்சன் என்போர் அதனை அளக்கும் வினாக்கொத்து ஒன்றை 1981இல் வெளியிட்டனர். அத்தொழிற்சோர்வுக்கு அவர்கள் கண்ட கூறுகள் மூன்று: உணர்ச்சி வறண்டு களைத்தல், தம்மிடம் வருவோரை மனிதராகக் கருதாது பொருள்போல நடத்துதல், தம் உழைப்பாற் பயனில்லை என எண்ணுதல். இவற்றுள் இரண்டாவதனை மீண்டும் நோக்குதல் தகும். இலண்டன் வைத்தியசாலை தாதியர்க்குக் காப்பு எனக் கைக்கொண்ட ஆளை ஆளாகக் கருதாமையே இங்கு நோயின் அறிகுறியாக எண்ணப்படுகின்றது. வேலையின் பளு மிகுந்தும் அதனை நடத்தும் உரிமை குறைந்தும் இருக்கும் தொழிலே மிகுந்த நெருக்கீடு தருவது என 1979இல் றொபேட் கராசெக் காட்டிய கொள்கையும் ஈண்டுக் கருதத்தக்கது. பொறுப்பு முழுவதும் தமதாகவும் முடிவு முழுவதும் பிறரதாகவும் அமைந்த விடுதியிற் கடமையாற்றும் தாதி இதற்கு நேரிய எடுத்துக்காட்டாவாள்.

தாதியின் சோர்வு தாதியோடு நிற்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து லிண்டா ஏக்கன் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு உலகெங்கும் எடுத்தாளப்படுவது. சத்திரசிகிச்சை பெற்ற 2,30,000க்கு மேற்பட்ட நோயாளரின் விவரங்களும் 10,000க்கு மேற்பட்ட தாதியரின் விடைகளும் அதில் ஆராயப்பட்டன. ஒரு தாதியின் பொறுப்பில் நோயாளர் ஒருவர் கூடுந்தோறும், நோயாளர் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், தாதி தொழிற்சோர்வு உறும் வாய்ப்பு 23 சதவீதமும் உயர்ந்து காணப்பட்டன. தாதியின் களைப்பும் நோயாளியின் உயிராபத்தும் ஒரே காரணத்தோடு சேர்ந்து வளர்தல் இதனால் தெளிவாகும். இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்பின் தாதியர் பலர் பிறநாடு சென்றனர். ஒருவர் சென்றவிடத்து அவர் பார்த்த நோயாளர் எஞ்சியோரின் பொறுப்பில் வருவர் என்பதை நினைப்பின், இக்கணக்கு அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று என்பது புலனாகும்.

ஆயின் தாதியர் நெருக்கீட்டைத் தாங்கி மீண்டெழச் செய்யத்தக்கன யாவை? அவற்றை மூன்று படிகளாக நோக்கலாம். முதற்படி தாதியர் தாமே செய்வது. போதிய உறக்கம், இராக் கடமைக்குப்பின் ஓய்வு, தம் துயரைத் துயரென்று ஒப்புக்கொள்ளும் நேர்மை, மாற்றக்கூடியதையும் கூடாததையும் பிரித்தறிதல் என்பன இதில் அடங்கும். ஒருவர் தம் வாழ்வை விளங்கத்தக்கதாகவும், சமாளிக்கத்தக்கதாகவும், பொருளுடையதாகவும் காண்பாராயின் நெருக்கீட்டின் நடுவிலும் நலமாயிருத்தல் கூடும் என ஆரன் அந்தோனோவ்ஸ்கி என்னும் அறிஞர் உரைத்தார். தம் தொழிலின் பொருளை உணர்ந்த தாதிக்கு அவ்வுணர்வே ஒரு துணை. இறைநம்பிக்கையும் வழிபாடும் பலர்க்கு இப்பொருளை வழங்குவன.

இரண்டாம் படி கூடிப் பணிசெய்வோரிடம் உள்ளது. கடமை மாறும் வேளையில் நோயாளரைப் பற்றிய விவரங்களோடு 'இன்று கடினமாயிருந்ததா?' என்னும் ஒரு வினாவும் கைமாறுமாயின் அது மருந்தாகும். முதன்முதல் ஒரு மரணத்தைக் கண்ட இளந்தாதியிடம் மூத்தவர் ஒருவர், தமக்கும் அவ்வாறே இருந்தது எனக் கூறுதல் நீண்ட அறிவுரையினும் மேலானது. இதனை ஓர் ஒழுங்காக்கிய முயற்சியும் உண்டு. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 1990களில் தொடங்கி வேறு நாடுகளுக்கும் பரவிய சுவாட்ஸ் அமர்வுகளில், மருத்துவரும் தாதியரும் பிறரும் ஒருங்கு கூடி, ஒரு நோயாளியைப் பேணியபோது தம் மனத்தில் எழுந்தவற்றைப் பேசுவர். சிகிச்சையின் சரிபிழை ஆங்கு ஆராயப்படுவதில்லை. துயரம் ஒருத்தியின் குறைபாடன்று, தொழிலுக்குப் பொதுவானது என்னும் தெளிவே ஆங்குக் கிடைக்கும் பயன்.

மூன்றாம் படி நிறுவனத்தினது. வேலையைத் துண்டாக்கும் முறைக்கு மாறாக, ஒரு நோயாளி வந்தது முதல் செல்லும்வரை ஒரு தாதியே அவருக்குப் பொறுப்பாக நிற்கும் முறை அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1969இல் தொடங்கப்பட்டது. கலிபோர்னியா மாநிலம் ஒரு தாதியின் பொறுப்பில் இருக்கத்தக்க நோயாளரின் எண்ணிக்கைக்கு வரம்பிடும் சட்டத்தை 1999இல் இயற்றி, 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. முன்னையது தாதிக்கு மனநிறைவை மீட்டுத் தருவது. பின்னையது அதனைப் பெறுதற்கு வேண்டிய நேரத்தைத் தருவது. நேரமின்றிப் பொறுப்பை மட்டும் கொடுத்தாற் சுமையே மிகும். ஆகவே இவ்விரண்டும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன.

அண்மைக் காலத்தில் தாதியர்க்கு மீண்டெழும் ஆற்றலைப் பயிற்றும் வகுப்புக்கள் பல நாடுகளிற் பெருகியுள்ளன. அவை பயனுடையன, ஆயினும் அவற்றுள் மறைந்துள்ள ஓர் ஆபத்தையும் உணர்தல் வேண்டும். ஐவர் செய்யவேண்டிய வேலையை இருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் தளர்ந்தபோது மனத்திண்மை போதாது எனக் கூறின், நிறுவனத்தின் குறை தாதியின் குறையாக மாற்றப்படும். தியாகம் என்னும் புகழ்ச்சியும் இவ்வாறே பயன்படுதல் கூடும். புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டு நிறைந்த 2020ஆம் ஆண்டை உலகச் சுகாதார நிறுவனம் தாதியர்க்கும் மருத்துவிச்சியர்க்கும் உரிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டிலேயே கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தது. பல நாடுகளில் மக்கள் வீட்டு வாசலில் நின்று கைதட்டித் தாதியரைப் போற்றினர். கைதட்டல் நன்றியின் அடையாளம். அது முகக்கவசத்துக்கோ உறக்கத்துக்கோ உடனுழைக்கும் ஆளுக்கோ ஈடாகாது. நைற்றிங்கேல் அம்மையாரும் இதனை அறிந்தவரே. கிரைமியப் போரில் நோயாளரிடை விளக்கேந்தி நடந்தவராக உலகம் அவரை நினைவு கூர்கின்றது. அவரோ போரின் பின்னர் தம் ஆயுளின் பெரும்பகுதியைப் புள்ளிவிவரங்களைத் தொகுத்தும், அறிக்கைகளை எழுதியும், மருத்துவமனைகளின் அமைப்பைச் சீர்திருத்துமாறு அரசினரை வற்புறுத்தியும் கழித்தார். அன்பு நிலைபெறுதற்கு ஒழுங்கும் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

எனவே தாதியரின் மீண்டெழும் ஆற்றல் அவர் நெஞ்சிலும், உடன் பணிபுரிவோரின் சொல்லிலும், நிறுவனத்தின் ஒழுங்கிலும் பரந்து கிடப்பதொன்று. மூன்றனுள் ஒன்று தளரின் மற்றை இரண்டும் அதன் பாரத்தைச் சிறிது காலம் தாங்கும், நெடுங்காலம் தாங்கா. உழைச்செல்வாரிடம் அன்பை எதிர்பார்க்கும் சமுதாயம், அவ்வன்பு வற்றாதிருத்தற்கு வேண்டிய நேரத்தையும் துணையையும் ஓய்வையும் அவர்க்கு அளித்தல் கடன். தாதியர்க்கு அளிக்கப்படும் அவ்வுதவி, நாளை அவர்தம் கையை நாடி வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் அளிக்கப்படும் உதவியாகும்.